பங்குனியில் சிவக்கும் உள்ளான்கள்

கேள்வி: தை மாதத்தில் குடும்பத்துடன் கோடிக்கரைக்குச் சென்று பூநாரைகளைக் கண்டு மகிழ்ந்தோம். பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் மீண்டும் செல்ல விரும்புகிறோம். அதற்குள் வலசைப் பறவைகள் போய்விடும், வெயிலில் அலைவதுதான் மிச்சம் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். ஒரு நாள் பயணமாகப் போய் வரலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தயங்காமல் சென்று வாருங்கள்; ஏப்ரல் நடுப்பகுதிக்குள் செல்வது நல்லது. தையில் இருக்கும் பெருங்கூட்டம் அப்போது இராது என்பது உண்மைதான். ஆனால் தையில் காண முடியாத ஒன்றைப் பங்குனியில் காணலாம். குளிர்காலம் முழுவதும் சாம்பலும் வெள்ளையுமாக ஒன்றுபோலவே தோன்றி நம்மைக் குழப்பிய கரைப்பறவைகள், வடக்கே புறப்படுவதற்கு முன்பு இங்கேயே இறகு மாற்றி, இனப்பெருக்க காலத்து நிறத்தை அடைகின்றன. கீழ்நோக்கி வளைந்த அலகுடைய உள்ளானின் மார்பும் வயிறும் செங்கல் நிறமாகச் சிவக்கும். பொன்னிற உப்புக்கொத்தியின் முகம் முதல் வயிறு வரை கறுப்பு படரும். பாதி சிவந்தும் பாதி வெளுத்தும் திட்டுத் திட்டாக நிற்கும் பறவைகளைத் தேடிப் பாருங்கள்; என் கண்ணுக்கு, முழுதாக நிறம் மாறியவற்றைவிட அவையே அழகு.

நேரத்தைக் கவனியுங்கள். கீழைக் கடற்கரையில் கடலை நோக்கி நின்றால் காலை வெயில் கண்ணில் அடிக்கும்; பறவை வெறும் நிழலுருவாகத்தான் தெரியும். கோடிக்கரையில் உவர்ச் சதுப்பு ஊருக்கு மேற்கே விரிந்து கிடப்பதால், விடிந்தவுடன் அங்கே சென்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், நிறங்களும் துலங்கும். ஒன்பது மணிக்கு மேல் கானல் அலையத் தொடங்கினால் தொலைநோக்கியால் பயனில்லை. அந்நேரத்தில் காட்டு நிழலுக்குத் திரும்பிச் சோளக்குருவிகளைத் தேடலாம், வெளிமான்களையும் பார்க்கலாம். சரணாலயத்துக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி பெற வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஐம்பது, அறுபது கிராம் எடையுள்ள இந்த உள்ளான், சைபீரியாவின் வடகோடித் துருவப் பகுதிக்குப் பறந்தாக வேண்டும். அதற்கான கொழுப்பை இந்த வாரங்களில்தான் உடலில் சேர்த்துக்கொள்கிறது. படம் எடுப்பதற்காக நாம் நெருங்கிக் கூட்டத்தை எழுப்பும் ஒவ்வொரு முறையும் அது சேர்த்ததைச் செலவழிக்கிறது. பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தினாலே நாம் அளவுக்கு மீறி அருகில் வந்துவிட்டோம் என்று பொருள். அங்கேயே நின்றுவிடுங்கள், அல்லது இரண்டு அடி பின்வாங்குங்கள். பிள்ளைகளுக்கு முதலில் இதைக் கற்றுக்கொடுங்கள்.

காலில் வளையம் அணிந்த பறவை கண்ணில் பட்டால் அதன் நிறத்தையும் எழுத்தையும் குறித்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். கோடிக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருபவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: மே மாத இறுதியிலும் எங்கள் ஊர் உப்பளத்தில் சில உள்ளான்கள் நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கின்றன. அவை நோயுற்றவையா?
– ஓர் ஆசிரியர், தூத்துக்குடி

பதில்: பெரும்பாலும் இல்லை. முந்தைய ஆண்டில் பிறந்த இளம் பறவைகளாக அவை இருக்கலாம். கரைப்பறவைகளில் பல இனங்களின் குஞ்சுகள் முதல் ஆண்டில் இனப்பெருக்கம் செய்வதில்லை; ஆகையால் வடக்கே செல்லாமல் கோடை முழுவதையும் இங்கேயே கழிக்கின்றன. நன்றாக மேய்ந்து, நன்றாகப் பறந்தால் கவலை வேண்டாம். மாணவர்களைக் கொண்டு வாரம் ஒருமுறை எண்ணிக் குறித்துவையுங்கள். ஆகஸ்டில் வடக்கிலிருந்து திரும்பிவரும் பறவைகளில் சில, சிவப்பு இன்னும் முழுதாக உதிராத மார்புடன் அதே உப்பளத்தில் இவற்றின் பக்கத்தில் வந்து இறங்குவதையும் அப்போது காண்பீர்கள்.