மெடிக்கலில் வாங்கிய க்ரீம் போட்டால் பரு போகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. பாதுகாப்பான மருந்து எது?

தங்கைக்கு 17 வயது, நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது.

நான் எம்.பி.பி.எஸ். கடைசி வருஷம் படிக்கிறேன். போன வருஷம் இரண்டு மாதம் தோல் ஓ.பி.யில் உட்கார்ந்து, பருவோடு வருகிறவர்கள் அதற்கு முன் என்னென்ன போட்டுப் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதினேன். பாதுகாப்பான பரு சிகிச்சை பற்றி மாணவர் அளவில் ஒரு சின்ன ஆய்வு. அந்தத் தலைப்பை எடுத்ததற்கு என் முகம்தான் காரணம்.

இரண்டாம் வருஷத்தில் ஹாஸ்டலுக்குப் பக்கத்து மெடிக்கலில் “பருவுக்கு ஏதாவது குடுங்கண்ணா” என்று கேட்டு ஒரு ட்யூப் வாங்கினேன். மூன்றே நாளில் சிவப்பு அடங்கிவிட்டது. தோழிகளுக்கும் அதையே சொன்னேன். இரண்டு மாதம் கழித்து நிறுத்தியபோது கன்னம் முழுக்கச் சின்னச் சின்னதாகப் பொரிந்தது. வெயிலில் நின்றால் மிளகாய் தேய்த்த மாதிரி எரிந்தது. பயத்தில் மறுபடி அதையே போட்டேன். அந்த ட்யூபில் மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது என்று பிறகு தோல் ஓ.பி.யில்தான் தெரிந்தது.

ஸ்டீராய்டு பருவைக் குணப்படுத்துவதில்லை, வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கி வைக்கிறது. அதனால்தான் வேறு எதுவும் அவ்வளவு வேகமாகக் கேட்டதாகத் தெரியாது. நாள் போகப் போகத் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், முகத்தில் முடி வளரும், ஸ்டீராய்டே புதுப் பருவைக் கிளப்பும். 2011-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், முகத்தில் பிரச்சினையோடு தோல் டாக்டர்களிடம் வந்த 2,926 பேரைப் பார்த்தார்கள். அதில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் அதைப் பருவுக்காகவே போட்டவர். அவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட பக்கவிளைவும் பருதான். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் ஓ.பி.யில் நான் கேட்ட கதைகளில் சீட்டு இல்லாமல் வாங்கியவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

சரி, எதைப் போடுவது? படிக்கப் படிக்க எனக்கு மரியாதை கூடியது பென்சாயில் பெராக்சைடு என்ற பழைய மருந்தின் மேல். அது ஆக்சிஜனை வெளிவிட்டுப் பரு பாக்டீரியாவைக் கொல்கிறது, அதனால் கிருமி அதற்குப் பழகிப்போவதில்லை. கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லை மட்டும் மாதக்கணக்கில் போட்டால் பழகிவிடும். டாக்டர்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது அதற்காகத்தான். எனக்குப் பிடித்த ஆய்வு 1986-ல் வந்தது: 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு, பருவைக் குறைப்பதில் 5, 10 சதவீதத்துக்குச் சமமாக இருந்தது, 10 சதவீதத்தைவிட எரிச்சல் குறைவு. 10 சதவீதம் போட்டவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது எரிச்சல்தான். இது துண்டு, தலையணை உறையின் சாயத்தை வெளுக்கும், அதனால் வெள்ளைத் துணியாகப் பயன்படுத்துங்கள். சூட்டில் இந்த மருந்து சிதைந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் என்ற ரசாயனம் உண்டாகலாம் என்று 2024-ல் அமெரிக்காவில் பேச்சு எழுந்தது. அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சோதித்த 95 பொருட்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பென்சீன் இல்லை, அல்லது மிக மிகக் குறைவு. இருந்தாலும் நம் ஊர் வெயிலில் ட்யூபை ஸ்கூட்டர் பெட்டியிலோ ஜன்னலோரத்திலோ வைக்காதீர்கள்.

வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த அடாபலின் ஜெல்லும் நல்லதுதான். அமெரிக்காவில் 2016 முதல் அதன் 0.1 சதவீத ஜெல் சீட்டில்லாமலே கிடைக்கிறது. இரவில் பட்டாணி அளவு போதும். கர்ப்பமாக இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும். முதல் சில வாரம் தோல் உரியும், பருவும் கொஞ்சம் கூடலாம். பெரும்பாலோர் அந்த நேரத்தில்தான் கைவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

இயற்கை வழி கேட்பவர்களுக்கு: 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5 சதவீத டீ ட்ரீ எண்ணெய் ஜெல்லைச் சோதித்தார்கள். பென்சாயில் பெராக்சைடைவிட மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் பலன் இருந்தது, தொந்தரவும் குறைவு. எலுமிச்சைச் சாறும் டூத்பேஸ்ட்டும் வேண்டவே வேண்டாம்.

கடுமையான பருவுக்கு டாக்டர்கள் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை என்றாலே பலர் பயப்படுகிறார்கள். கருவுக்குக் கடுமையான கேடு செய்யும் என்பதால், எடுக்கும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் கூடவே கூடாது. ரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஆனால் கட்டி கட்டியாக வந்து முகம் குழி விழுகிற ஒரு பையனுக்கு, அந்த மாத்திரையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அந்தக் குழிகள் தானாகத் தூர்வதில்லை.

உங்கள் தங்கை விஷயத்தில் முதல் வேலை, ட்யூபைத் திருப்பிப் படிப்பது. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபிடசால், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. அப்படி இருந்தால் புதிதாக எதையும் வாங்கிப் போடாமல் தோல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நிறுத்தும்போது வரும் எரிச்சலை எப்படிச் சமாளிப்பது, ஒரேயடியாக நிறுத்துவதா படிப்படியாகக் குறைப்பதா என்று அவர் பார்த்துச் சொல்வார். தங்கையைத் திட்ட வேண்டாம், மூன்று நாளில் கேட்கும் மருந்தை யாரும் நம்பத்தான் செய்வார்கள். போகும்போது அந்த ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள். காலியாக இருந்தாலும் பரவாயில்லை.