கிடாவுக்கு மூத்திரக் கல்: பாஸ்பேட் தூள் கொடுக்கலாமா?

கேள்வி: காயடித்து வளர்க்கும் 25 கிலோ கிடா இரண்டு நாளாக முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்கிறது. தினமும் மக்காச்சோள மாவும் தவிடுமாக அரை கிலோ வைக்கிறோம். எருமையின் ரத்த மூத்திரத்துக்கு வாங்கிய சோடியம் ஆசிட் பாஸ்பேட் தூள் மீதி இருக்கிறது. கல்லைக் கரைக்கும் என்கிறார்கள். எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: துளிகூடக் கொடுக்காதீர்கள். அந்தத் தூள் மூத்திரத்தை அமிலமாக்கும் என்பது சரிதான். ஆனால் தானியம் தின்னும் கிடாவுக்கு வரும் கல்லே பெரும்பாலும் பாஸ்பேட் கல். மக்காச்சோளத்தில் கால்சியத்தைப் போலப் பத்து மடங்கு பாஸ்பரஸ். தவிட்டிலும் அதே கதை. வைக்கோல், தழை மென்று அசைபோடும் ஆட்டில் மிஞ்சிய பாஸ்பரஸ் எச்சிலோடு இறங்கிப் புழுக்கையில் போய்விடும். மாவு தின்றால் அசைபோடுவது குறையும், எச்சில் குறையும், பாஸ்பரஸ் மூத்திரத்துக்குத் திரும்பும். அங்கே இன்னும் பாஸ்பேட்டைக் கொட்டலாமா? எருமைக்கு அது பாஸ்பரஸ் பற்றாக்குறைக்கான மருந்து; அது வேறு நோய்.

சொட்டுகிறது என்றால் பாதி அடைப்பு. இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குறி நுனியில் புழுப்போல நீண்டிருக்கும் சதையில்தான் கல் அடிக்கடி சிக்கும். அதை அவர் நறுக்கிவிட்டாலே சில ஆடு பீச்சிவிடும். குறியின் உறையைச் சுற்றிய முடியில் மணல்மணலாக ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அடைப்பு நீங்காமல் தண்ணீரை வம்பாகப் புகட்டினால் மூத்திரப் பை வெடிக்கும். வெடித்ததும் ஆடு முக்குவதை நிறுத்திவிடும். குணமாயிற்று என்று ஏமாறாதீர்கள், அடுத்து வயிறு உப்பும்.

வழி திறந்த பிறகு, கல் கரைய மூத்திரத்தை அமிலமாக்க ஏற்றது அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம். ஈயம் பூச விற்கும் கட்டி வேண்டாம். மருந்துத் தரத் தூள் வாங்குங்கள். கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் கணக்கில் உங்கள் கிடாவுக்கு நாளைக்கு 5 கிராம். காலை, மாலை இரண்டரை கிராமாக வெல்லத் தண்ணீரில் கரைத்து மாவில் பிசையுங்கள். கைப்பு அதிகம், வெறுமனே தின்னாது. தராசில் நிறுத்துப் போடுங்கள், கரண்டிக் கணக்கு ஆகாது.

ஆட்டு மூத்திரம் இயல்பில் காரம்; அமில-கார அளவான பி.எச். 8 இருக்கும். கொடுத்த 5 மணி நேரம் கழித்துப் பி.எச். தாளை நனைத்தால் 6 முதல் 6.5 காட்ட வேண்டும். 5.5-க்குக் கீழே போனாலோ, தீனியை வெறுத்து வேகமாக மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்துங்கள். விடாமல் கொடுத்தால் உடம்பு பழகிவிடும், எலும்பிலிருந்து கால்சியமும் கரையும். அதனால் முதல் வாரத்துக்குப் பிறகு 3 நாள் கொடுத்து 4 நாள் விடுவது மேல். சிறுநீரகம் கெட்ட ஆட்டுக்கும், உடம்பில் தண்ணீர் வற்றிய ஆட்டுக்கும் கூடாது. சிலிகா, ஆக்சலேட் என்ற வேறு வகைக் கல்லை இது கரைக்காது.

தவிட்டை நிறுத்தி மாவைப் பாதியாக்குங்கள். மாவு கிலோவுக்குக் கால்சைட் தூள் (சுண்ணாம்புக்கல் பொடி) 15 கிராம், கல்லுப்பு 20 கிராம். டைகால்சியம் பாஸ்பேட் போடாதீர்கள், அதிலும் பாஸ்பரஸ்தான். உப்பு போட்டால் தண்ணீர்த் தொட்டி எந்நேரமும் நிரம்பியிருக்க வேண்டும். அடுத்த குட்டிகளை 3 மாதத்துக்கு முன் காயடிக்காதீர்கள். இளசில் அடித்தால் மூத்திரக் குழாய் சிறுத்தே நின்றுவிடும்.