கரண்ட் வைத்தால் நரம்பு செத்துவிடுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 54. முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. எட்டு வருடமாகச் சர்க்கரை. சில மாதங்களாக வலது கை மதமதத்துப் போகிறது. ராத்திரியில் தூக்கம் கெட்டு எழுந்து கையை உதறுகிறார். புதுச்சேரி ஜிப்மரில் என்.சி.எஸ். (கரண்ட் வைத்து நரம்பின் வேகத்தை அளக்கும் டெஸ்ட்), இ.எம்.ஜி. (ஊசி வைத்துத் தசையைப் பார்க்கும் டெஸ்ட்) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கரண்ட் வைத்தால் நரம்பு செத்துவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். பேசாமல் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா? (பண்ருட்டி வாசகர்)

நரம்பு சாகாது, தாராளமாக அழைத்துப் போங்கள். மணிக்கட்டில் வைக்கும் மின்துடிப்பு ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான் நீடிக்கும். சுரீரென்று இருக்கும், கட்டைவிரல் தானாக ஒரு துள்ளு துள்ளும், அவ்வளவுதான். ஆனால் வலிக்கவே வலிக்காது என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். முதல் ஷாக்கிலேயே அம்மாவுக்கு உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும்.

எம்.ஆர்.ஐ. நரம்பின் உருவத்தைக் காட்டும், அதன் வேகத்தைக் காட்டாது. இங்கே தெரிய வேண்டியது வேகம்தான். ராத்திரியில் எழுந்து உதறுகிறார் என்றதும் எங்களுக்கு முதலில் தோன்றுவது கார்பல் டனல், அதாவது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவற்றின் உணர்ச்சி அந்த நரம்பு வழியாகப் போகிறது. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. அதனால் இரண்டையும் அளந்து ஒப்பிடுவார்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நன்றாக வந்த துடிப்பு மணிக்கட்டைத் தாண்டும்போது மட்டும் தாமதமானால், சிக்கல் அங்கேதான். பொதுவாகக் கையில் நொடிக்கு சுமார் 50 மீட்டருக்கு மேலும், காலில் 40 மீட்டருக்கு மேலும் இருந்தால் சரி என்போம்.

அம்மாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறதே. அது பெரும்பாலும் கால் நரம்புகளில்தான் முதலில் கைவைக்கும். ஆகவே கையைக் காட்டப் போன இடத்தில் காலிலும் ஷாக் வைத்தால், எதற்கு வீண் டெஸ்ட் என்று கேட்காதீர்கள். மணிக்கட்டில் மட்டும் தாமதம் என்றால் மணிக்கட்டுக்குப் பட்டை, மருந்து ஊசி, தேவைப்பட்டால் சின்ன ஆபரேஷன் என்று போகலாம். எல்லா நரம்பும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் கையை ஆபரேஷன் செய்து பயனில்லை, சர்க்கரையைத்தான் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் நிறையப் பேர்.

ஊசி குத்துவது இ.எம்.ஜி.யில். அந்த ஊசி வழியாக மருந்தும் ஏறாது, கரண்ட்டும் போகாது. தசையின் சொந்த மின்சாரத்தைப் பதிவு செய்யும், அவ்வளவுதான். ஓய்வில் இருக்கும் தசை அமைதியாக இருக்க வேண்டும். நரம்புத் தொடர்பு விட்டுப்போன தசையோ, கையை அசைக்காமல் வைத்திருக்கும்போதும் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல ஸ்பீக்கரில் சத்தம் போடும். சீட்டில் எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் ஊசி போடுவதில்லை. கட்டைவிரலின் அடிச்சதை வற்றியிருந்தாலோ, கழுத்து நரம்பின் மேல் சந்தேகம் வந்தாலோ போடுவார்கள்.

அப்புறம் ஒரு விஷயம். கொட்டை ஓட்டின் எண்ணெய் தோலைப் பொத்துப்போக வைக்காமல் இருக்க விளக்கெண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்வார்கள் இல்லையா, டெஸ்டுக்கு முதல் நாளே அதை நிறுத்தச் சொல்லுங்கள். பிசுக்கு இருந்தால், துடிப்பைப் பதிவு செய்யத் தோலில் ஒட்டும் எலெக்ட்ரோடு சரியாக ஒட்டாது. காலையில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவி, க்ரீம் எதுவும் தடவாமல் வரட்டும். புண் இருந்தால் டெக்னீஷியனிடம் காட்டுங்கள். வளையல், மோதிரம் கழற்ற வேண்டியிருக்கும். முழங்கைக்கு மேலும் ஷாக் வைப்பார்கள் என்பதால் கை லூசான ஜாக்கெட் நல்லது. பட்டினி தேவையில்லை, சாப்பாடு, சர்க்கரை மாத்திரை எல்லாம் வழக்கம்போல. பேஸ்மேக்கர் இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மார்கழிக் காலையில் பஸ் ஜன்னலோரம் வந்து ஏ.சி. அறையில் உட்கார்ந்தால் கை சில்லிட்டுவிடும். தோலின் சூடு 1 டிகிரி செல்சியஸ் குறைந்தால் வேகம் நொடிக்கு 2 மீட்டர் அளவுக்குக் குறையும், நல்ல நரம்பே கெட்டதுபோல ரிப்போர்ட் வரும். கை சில்லென்று இருக்கிறது என்று சொன்னால் சூடுபடுத்திவிட்டுச் செய்வார்கள்.

இன்னொன்று: இந்த டெஸ்ட் தடித்த நரம்பிழைகளைத்தான் பார்க்கும், எரிச்சலைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளைப் பார்க்காது. பாதம் எரிகிறது என்று அம்மா சொல்லி, ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால், ஒன்றுமில்லை என்று மடித்து வைத்துவிடாதீர்கள். அந்த எரிச்சலை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

டெஸ்டுக்குத் தேதி கிடைக்கும்வரை, மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கும் பட்டையை ராத்திரியில் கட்டிக்கொள்ளட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும். அதற்குள் பொருள் கைநழுவி விழ ஆரம்பித்தாலோ, கட்டைவிரலின் அடிச்சதை தட்டையானாலோ தேதிக்காகக் காத்திராமல் ஓ.பி.க்குத் திரும்பப் போய்க் காட்டுங்கள்.