கடைமடைக்கு கரண்ட் வந்து சேருதா? பழைய கார் கேள்வி பதில்

கேள்வி: அப்பா 1991ல வாங்குன அம்பாசடர், பெட்ரோல் வண்டி. காலையில சாவி போட்டா "டக் டக்"னு சத்தம்தான் வருது, செல்ஃப் சுத்த மாட்டேங்குது. லைட்டு எரியுது, ஹாரன் அடிக்குது. புது பேட்டரி போட்டாச்சு, செல்ஃப் மோட்டார கழட்டி கார்பன் பிரஷ் மாத்தியாச்சு, ரெண்டு நாள் ஓடுச்சு, திரும்ப அதே கதைதான். இப்ப ஒயரிங்க முழுசா மாத்தணும்ங்குறாங்க. இன்னொண்ணு, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரியல, செல்ஃப் அடிச்சிட்டு சோக் குமிழ (காலையில ஸ்டார்ட் பண்ண டேஷ்போர்டுல இழுக்குறது) தொட்டா சுடுது.
– திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: ஐயா, சம்பந்தம் இருக்கான்னு தெரியலன்னு எழுதினீங்களே, அந்த கடைசி வரியிலதான் மொத்த பதிலும் இருக்கு. ஒயரிங்க மாத்த விடாதீங்க, தயவு செஞ்சு கொஞ்சம் பொறுங்க.

நீங்க கடைமடைக்காரர், உங்களுக்கு இது சட்டுனு புரியும். மேட்டூர் தொறந்தாச்சு, கல்லணையும் தொறந்தாச்சு, ஆனா உங்க வயலுக்கு தண்ணி ஏறல. அப்ப நாம கல்லணையவா குறை சொல்லுவோம்? வாய்க்காலோட நடந்து போயி எங்க மண்ணு மேடு தட்டிருக்கு, எங்க ஆகாயத்தாமரை அடைச்சிருக்குன்னுதான பாப்போம். பேட்டரிதான் உங்க அணை, செல்ஃப் மோட்டார் வயல். நடுவுல இருக்குற பாதைய யாருமே பாக்காம அணையையும் வயலையும் மாத்திட்டாங்க. அதுலயும் கரண்டுக்கு பாசனம் மட்டும் பத்தாது, வடிகாலும் வேணும், போன கரண்ட் திரும்ப பேட்டரி மைனஸுக்கு வந்து சேரணும். அந்த வடிகாலதான் நாம எர்த்துன்னு சொல்றோம்.

இஞ்சின் பாடி மேல நேரா உக்காரல, ரப்பர் மவுண்டிங் மேல உக்காந்திருக்கு. ரப்பர்ல கரண்ட் போகாது. அதனால இஞ்சினையோ கியர்பாக்ஸையோ பாடியோட சேக்குறதுக்கு பின்னல் மாதிரி ஒரு எர்த் பட்டை போட்டிருப்பாங்க. அது அடியில இருக்கு, உங்க பக்கம் உப்புக்காத்து வேற, துருப்பிடிச்சு பொடிஞ்சு போயிருக்கும், இல்லன்னா எப்பவோ கியர்பாக்ஸ இறக்குனவங்க திரும்ப மாட்ட மறந்திருப்பாங்க. அது இல்லன்னதும் கரண்ட் வேற வழி தேடுது, இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இரும்பா இருக்குற சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கம்பின்னு ஏறி வருது. செல்ஃப் சுத்தும்போது 150 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அது அத்தனையும் அந்த நூல் மாதிரி கேபிள் வழியா போனா சுடாம என்ன செய்யும்? அப்படியே விட்டா கேபிள் உறை உருகி புகையே வரும்.

ஒரு கணக்கு பாருங்க. வழியில வெறும் 0.02 ஓம் தடை இருந்தா போதும், 150 ஆம்பியர்ல 3 வோல்ட் அங்கயே கரைஞ்சிரும். ஹெட்லைட் ரெண்டும் சேந்து 10 ஆம்பியர்தான், அதுல போறது 0.2 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. லைட்டு நல்லா எரியுது அதனால எர்த்து நல்லாருக்குன்னு சொல்றது தப்பு, அதுக்குக் காரணம் இதுதான்.

இப்ப சோதனை. வண்டி ஸ்டார்ட் ஆயிடாம இருக்க இக்னிஷன் காயிலுக்கு (ஸ்பார்க்குக்கு வேண்டிய வோல்ட்ட ஏத்திக் குடுக்குறது) வர்ற சின்ன ஒயர கழட்டிடுங்க, கியர் நியூட்ரல்ல இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போடுங்க. மல்டிமீட்டர டிசி 20 வோல்ட்ல வச்சு சிவப்பு முனைய இஞ்சின் பிளாக்குல சுத்தமான இரும்புல வைங்க, கருப்பு முனைய பேட்டரி மைனஸ்ல வைங்க, கிளாம்புல இல்ல, ஈயக் கொம்பு மேலயே. வீட்டுல யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.2, 0.3 வரைக்கும் காட்டுனா பரவால்ல, 0.5 தாண்டுனா வடிகால் அடைச்சிருக்கு. இதே மாதிரி பேட்டரி பிளஸ் கொம்புக்கும் செல்ஃப் மோட்டார்ல தடி ஒயர் ஏறுற போல்ட்டுக்கும் நடுவுலயும் பாத்துடுங்க. மீட்டர் இல்லன்னா இன்னும் சுலபம், ஜம்பர் கேபிள் ஒண்ண எடுத்து ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ண இஞ்சின் போல்ட்டுலயும் கவ்வ வச்சு செல்ஃப் அடிங்க. புது வண்டி மாதிரி சுத்துச்சுன்னா முடிஞ்சது, வேற எதையும் தொட வேணாம்.

பேட்டரி மைனஸ கழட்டிட்டு பழைய பட்டைய எடுங்க, அது உக்கார்ற ரெண்டு இடத்தையும் பெயிண்டு, துரு, கிரீஸ் எதுவும் இல்லாம உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேய்ங்க, புதுப் பட்டைய நல்லா இறுக்கி மேல வாஸ்லின் தடவுங்க. பேட்டரி மைனஸ் ஒயர் பாடியில சேர்ற இடத்தையும் அப்படியே செய்ங்க. சோக் கேபிள் சூட்டுல பிடிச்சிருந்தா அதையும் மாத்திடுங்க, சோக் முழுசா உள்ள போகலன்னா பெட்ரோலா குடிக்கும். புது பேட்டரிக்கும் பிரஷ்ஷுக்கும் குடுத்த காச நெனச்சாதான் மனசு கஷ்டமா இருக்கு ஐயா.

கேள்வி: என்கிட்ட பிரீமியர் பத்மினி இருக்கு. கும்பகோணத்துலேர்ந்து கிளம்பி தஞ்சாவூர் போறதுக்குள்ள மத்தியான வெயில்ல பொசுக்குனு நின்னுடுது. அரை மணி நேரம் கழிச்சு அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. ஒர்க்‌ஷாப்புக்கு கொண்டு போனா அங்க நல்லாவே ஓடுது, என்ன பண்றது அண்ணே?
– கும்பகோணம் வாசகர்

பதில்: தம்பி, சூட்டுல நின்னு ஆறுனா ஓடுற வண்டிக்கு ரெண்டே வழிதான், ஒண்ணு ஸ்பார்க் நின்னுபோகுது, இல்லன்னா பெட்ரோல் வர்றது நின்னுபோகுது. எதுன்னு கண்டுபிடிக்கிற நேரம் அந்த அரை மணி நேரந்தான், அது ஆறுனதுக்கப்புறம் எந்த மெக்கானிக் பாத்தாலும் ஒண்ணும் தெரியாது. அதனால நிக்கிற இடத்துலயே நீங்களே பாக்கணும்.

ஓரமா நிறுத்தி மொதல்ல ஸ்பார்க்க பாருங்க. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி நடுவுலேர்ந்து காயில் ஒயர உருவி, ரப்பர் பிடி போட்ட பிளேயரால பிடிச்சு, இஞ்சின் இரும்புலேர்ந்து 5, 6 மில்லிமீட்டர் தள்ளி வச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. பெட்ரோல் வாசனை அடிச்சா இத செய்யவே கூடாது. நீலமா சடக் சடக்குனு பொறி குதிச்சா காயில் நல்லாருக்கு. மஞ்சளா சோம்பலா வந்தாலோ வரவே இல்லன்னாலோ காயில், இல்ல கண்டென்சர். காயில் உள்ள இருக்குற கம்பிச்சுருள் சூட்டுல விரிஞ்சு விட்டுப்போகும், ஆறுனா திரும்ப ஒட்டிக்கும், அதனாலதான் ஒர்க்‌ஷாப்புல மீட்டர் வச்சா சரியா காட்டுது. சூடா இருக்கும்போதே அளக்கணும், பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்கு முன்னாடி தனியா மாட்டுற தடை) இல்லாத பழைய காயில்ல பிரைமரி 3 ஓம் பக்கம் இருக்கும், மீட்டர் முடிவில்லாத தடைன்னு (OL) காட்டுனா சுருள் அறுந்திருக்கு. கண்டென்சர்னா டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள தொட்டுத் தொட்டு விலகுற பாயிண்ட தொறந்து பாருங்க, முகம் கருகி ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடுன்னு இருக்கும். பாயிண்டு போடும்போது கண்டென்சரையும் சேத்தே போடுங்க, பாயிண்டு இடைவெளி 0.4 மில்லிமீட்டர் பக்கம்.

ஸ்பார்க் நல்லா இருந்துச்சுன்னா ஏர் ஃபில்டர் மூடிய எடுத்து கார்புரேட்டர் வாய்க்குள்ள பாத்துக்கிட்டே ஆக்ஸிலரேட்டர் கம்பிய கையால இழுங்க, கோடு மாதிரி பெட்ரோல் பீச்சணும். பீச்சலன்னா பெட்ரோல் வரல. அப்ப ஒரு துணிய தண்ணியில நனைச்சு பெட்ரோல் பம்பு மேல போட்டு பத்து நிமிஷம் விட்டு அடிங்க. எடுத்துக்கிச்சுன்னா வேப்பர் லாக்தான், பைப்புக்குள்ள பெட்ரோல் சூட்டுல ஆவியாயிடுது, பம்பு ஆவிய தள்ள முடியாம முழிக்குது. இப்ப வர்ற இ20 பெட்ரோல்ல 20 சதம் எத்தனால், அது 78 டிகிரியில கொதிக்கிற சமாச்சாரம், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், பம்பு டயாஃப்ரம் எல்லாத்தையும் ஊற வச்சு வெடிப்பு விழ வைக்கும். ஹோஸ் பூரா எத்தனால் தாங்குற ரகமா மாத்துங்க, இது செலவுன்னு நெனைக்காதீங்க, சூடான சைலன்சர் மேல பெட்ரோல் சொட்டுறது உயிர் போற விஷயம். பைப்பு எங்கயாவது எக்ஸாஸ்ட ஒட்டிப் போனா விலக்கி கட்டுங்க.

கேள்வி: மாருதி 800, 1997 மாடல். பள்ளிக்கூடம் பக்கத்துலயே இருக்குறதால சனி ஞாயிறுதான் வண்டிய எடுப்பேன். நாலு நாள் நிறுத்துனா பேட்டரி காலியாயிடுது. ரெண்டாவது பேட்டரியும் போச்சு.
– மயிலாடுதுறை ஆசிரியை

பதில்: டீச்சர், பேட்டரி மேல தப்பில்ல, நின்ன இடத்துலயே எதுவோ கரண்ட குடிச்சிக்கிட்டு இருக்கு. எல்லாத்தையும் அணைச்சு சாவிய எடுத்துட்டு, மைனஸ் கிளாம்ப கழட்டி, மீட்டர 10 ஆம்பியர்ல வச்சு கிளாம்புக்கும் கொம்புக்கும் நடுவுல சேருங்க. மீட்டர் அப்படி மாட்டியிருக்கும்போது சாவிய திருப்பவே கூடாது, ஃபியூஸ் போயிடும். கதவு தொறந்திருந்தா உள் லைட்டு எரியும், அந்த சுவிட்ச அழுத்தி வச்சுக்கங்க. 0.05 ஆம்பியருக்குள்ள இருந்தா சரி. உங்களுக்கு 0.3, 0.4னு காட்டும்னு நெனைக்கிறேன், 0.4ன்னா ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர் அவர், 35 ஆம்பியர் அவர் பேட்டரி நாலு நாள்ல காலி, நீங்க சொன்ன கணக்குக்கு அப்படியே பொருந்துது.

ஒவ்வொரு ஃபியூஸா உருவுங்க, எதை உருவுனா எண்ணு இறங்குதோ அந்த லைன்லதான் திருடன். பின்னாடி மாட்டுன ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், சென்ட்ரல் லாக், இதுங்களத்தான் நான் மொதல்ல சந்தேகப்படுவேன், நேரா பேட்டரியிலேர்ந்து ஒயர் இழுத்து டேப்பு சுத்தி விட்டிருப்பாங்க, அப்படி ஃபியூஸ் பெட்டிக்கு வராம போற ஒயர தனியாத்தான் தேடிப் பாக்கணும். எந்த ஃபியூஸுக்கும் இறங்கலன்னா மைனஸ முழுசா கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்குற தடி ஒயர எடுத்து இன்சுலேஷன் டேப் சுத்தி வச்சுட்டு திரும்ப அளங்க, இப்ப இறங்குனா ஆல்டர்னேட்டர் உள்ள கரண்ட திரும்ப விடாம தடுக்குற டயோடு போயிருக்கு.

இன்னொண்ணு, அறுவடை முடிஞ்சா வயல்ல இருக்குற எலியெல்லாம் வீட்டப் பாத்து வரும், நிக்கிற வண்டி பானெட்டுக்குள்ள கதகதப்பா கூடு கட்டும். ஒயர் தோல் கடிபட்டிருக்கான்னு டார்ச் அடிச்சு பாத்துடுங்க. பேட்டரி ரெண்டு மணி நேரம் சும்மா இருந்தப்புறம் 12.6 வோல்ட்டு காட்டணும், இஞ்சின் ஓடும்போது 13.8லேர்ந்து 14.4க்குள்ள. இது ரெண்டும் சரியா இருந்தா அடுத்த பேட்டரி வாங்காதீங்க.

கேள்வி: உளுந்து செடிய ரோட்டுல காயப்போட்ருந்தாங்க, மேல ஏத்திப் போனதுலேர்ந்து தீஞ்ச வாசனை அடிக்குது.
– நீடாமங்கலம் வாசகர்

பதில்: இத சரி பண்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. காய்ஞ்ச சருகும் வைக்கோலும் சைலன்சர்ல சுத்திக்கிட்டா தீப்பிடிக்கும். நல்லா ஆறுனப்புறம் அடியில படுத்து ஒண்ணு விடாம உருவுங்க, அச்சுல இறுக்கி சுத்துனத கத்தியால அறுங்க, அச்சு மூட்ட மூடியிருக்குற ரப்பர் உறை (பூட்) கிழிஞ்சிருக்கான்னும் பாருங்க. அந்த மாதிரி இடத்துல வண்டிய நிறுத்தி வைக்கிறது ஓட்டுறத விட ஆபத்து.

கேள்வி: ஆம்னி, 1999. ஊருக்குள்ள ஓட்டுனா சூடு ஏறல, நாகப்பட்டினம் ரோட்டுல 60க்கு மேல போனா முள்ளு மேல ஏறுது. தெர்மோஸ்டாட்ட (சூட்டுக்கு ஏத்த மாதிரி ரேடியேட்டருக்கு தண்ணிய விடுற வால்வு) கழட்டி எடுத்தாச்சு. தண்ணி போர்வெல் தண்ணிதான் ஊத்துறோம்.
– வேதாரண்யம் வாசகர்

பதில்: மெதுவா போனா சூடேறி வேகமா போனா இறங்குச்சுன்னா ஃபேன், உங்களுக்கு தலைகீழா இருக்கு, அப்படின்னா ரேடியேட்டர் அடைப்பு. உப்பளத்து ஊரு போர் தண்ணிய வருஷக்கணக்கா கொதிக்க வச்சா பாத்திரத்துல எப்படி வெள்ளையா படியும், அதேதான் உள்ள படிஞ்சிருக்கு. வண்டி சூடானதும் நிறுத்திட்டு, ஃபேன் ஒயர கழட்டிட்டு ரேடியேட்டர் முகத்த கையால தடவிப் பாருங்க, நடுநடுவுல ஜில்லுன்னு இருக்குற இடமெல்லாம் அடைப்பு. செம்பு பித்தளை ரேடியேட்டர்னா தொட்டிய பிரிச்சு கம்பி விட்டு எடுக்கலாம், அலுமினியம்னா புதுசுதான். மூடி ரப்பரும் மாத்துங்க, உள்ள பிரஷர் தங்குனாதான் தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கும். சூட்டுல மூடிய தொறக்கவே கூடாது.

தெர்மோஸ்டாட்ட திரும்ப போட்டுடுங்க. நம்ம வெயிலுக்கு அது எதுக்குன்னு எடுத்துடுறாங்க, எனக்கு இதுல கொஞ்சமும் சம்மதமில்ல. இஞ்சின் சரியான சூட்டுக்கு வராமயே ஓடும், எரியாத பெட்ரோல் ஆயில்ல கலந்து சீக்கிரம் தேயும். கூலண்ட்ட டிஸ்டில்டு வாட்டர்ல கலந்து ஊத்துங்க, பேட்டரிக்கு வாங்குற அதே தண்ணிதான்.

இத்தனையும் செய்றதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துடுங்க. காலையில இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடிய எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் தண்ணிய கவனிங்க, ஆயில் ஊத்துற மூடிக்கு அடியில பால் கலந்த மாதிரி வழுவழுன்னு இருக்கான்னும் பாருங்க. தண்ணியில விடாம குமிழி வந்தா ஹெட் கேஸ்கட் (இஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற அடைப்பு) போயிருக்கு, அதுக்கப்புறம் பத்து கிலோமீட்டர் கூட ஓட்டாதீங்க. குமிழி வந்துச்சா இல்லையான்னு எழுதுங்க, அடுத்த இதழ்ல அங்கேர்ந்து தொடங்குறேன்.