நீதிபதிகளும் நீதிமன்ற ஊழியர்களும் சமூக வலைதளத்தில் கருத்துச் சொல்லக் கூடாது என்பது பேச்சுரிமையைப் பறிப்பதாகாதா?

எதைப் பற்றிப் பேசுகிறார்கள், வழக்குக் கட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு வக்கீலாக என் கருத்தைச் சொல்கிறேன்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1997 மே 7 அன்று நீதிபதிகளுக்கான நடத்தை நெறிகள் என்று 16 அம்சங்களை ஏற்றுக்கொண்டது. அரசியல் பற்றியும், நிலுவையில் இருக்கிற அல்லது நாளை வழக்காக வரக்கூடிய விஷயங்கள் பற்றியும் பொதுவில் பேசக் கூடாது, ஊடகங்களுக்குப் பேட்டி தரக் கூடாது, தீர்ப்பே பேசட்டும் என்கிறது அது. அப்போது முகநூலே கிடையாது. 2024 டிசம்பரில், மத்தியப் பிரதேசப் பெண் நீதிபதிகள் பணிநீக்க வழக்கில், நீதிபதிகள் முகநூல் பக்கமே போகக் கூடாது, துறவி போல வாழ்ந்து குதிரை போல உழைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகச் சொன்னது. (பாதி துறவி, பாதி குதிரை என்று ஆள் வேண்டுமானால் தேர்வுக்கு எத்தனை பேர் விண்ணப்பிப்பார்களோ!) எனக்கு இது ரொம்ப அதிகமாகப் படுகிறது.

ஆனால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு பாகப்பிரிவினை வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரதிவாதி வராண்டாவில் நின்று போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். அவர் குடும்பச் சண்டையைக் கிண்டலடித்து யாரோ போட்ட பதிவின் கீழே, உள்ளே உட்கார்ந்திருக்கும் பெஞ்ச் கிளார்க்கின் சிரிப்பு எமோஜி. தீர்ப்பில் கிளார்க்குக்குப் பங்கே இல்லை. ஆனால் வழக்குக் கட்டை எடுத்து வைப்பதும் வாய்தா தேதியைக் குறிப்பதும் அவர் கைதான். அதற்குப் பிறகு எந்தத் தாமதம் வந்தாலும் பிரதிவாதிக்கு அந்த எமோஜிதான் ஞாபகம் வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார். தோற்றால் அதையும் தூக்கிக்கொண்டு மேல்கோர்ட்டுக்குப் போவார். 'இது என் தனிப்பட்ட கருத்து' என்று முகப்பில் எழுதி வைத்திருப்பதெல்லாம் அவரிடம் எடுபடாது.

அதனால் நிலுவை வழக்கு, கட்சிக்காரர்கள், வாதாடும் வக்கீல்கள், வேலை வழியாகக் காதில் விழுந்த சங்கதி ஆகியவற்றில் நீதிபதி முதல் கடைநிலை ஊழியர் வரை வாயைத் திறக்கக் கூடாது. லைக் போடுவதும் பேச்சுதான். 'நம்ம ஆட்கள் மட்டும்' இருக்கிற வாட்ஸ்அப் குழுவும் பொதுவெளிதான்.

இதைத் தாண்டிய தடைகளில்தான் எனக்குச் சண்டை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் நிர்வாக அலுவலகம் 2018இல் தன் ஊழியர்களுக்கு ஒரு விதி போட்டது. வேலை நேரத்துக்கு வெளியிலும் கட்சி உறுப்பினராக இருக்கக் கூடாது, தேர்தல் நன்கொடை தரக் கூடாது, வேட்பாளர்களைப் பற்றிப் பொதுவில் கருத்துச் சொல்லக் கூடாது. இவர்கள் செய்வது நிர்வாக வேலை, வழக்கைத் தீர்ப்பதல்ல. இரண்டு ஊழியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2022இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. சரியான தீர்ப்பு என்பேன்.

நீதித்துறையைப் பற்றியே பேசுவது இன்னொரு வகை. ஹங்கேரியின் உச்ச நீதிமன்றத் தலைவர் அந்திராஸ் பாகா, அரசு கொண்டுவந்த நீதித்துறை மாற்றங்களை வெளிப்படையாக விமர்சித்தார். பதவிக்காலம் முடியுமுன்பே நாற்காலி போனது. அவருடைய பேச்சுரிமை மீறப்பட்டது என்று 2016இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே 2018 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நான்கு பேர் செய்தியாளர்களைக் கூப்பிட்டு வழக்குகள் ஒதுக்கப்படும் விதத்தைக் குறை சொன்னார்கள். அவர்கள் 1997 நெறியை மீறிவிட்டதாகச் சொன்னவர்கள் உண்டு. எந்த வழக்கின் முடிவைப் பற்றியும் அவர்கள் முன்கூட்டித் தீர்ப்புச் சொல்லவில்லை, நிர்வாகத்தைக் கேள்வி கேட்டார்கள். அந்த உரிமையையும் பிடுங்கினால், உள்ளே நடப்பதை வெளியில் சொல்ல யாருமே மிஞ்ச மாட்டார்கள்.

நடைமுறையில் ஊழியர்களைக் கவிழ்ப்பது 'கண்ணியத்துக்குக் குறைவான நடத்தை' போன்ற பிடி கிடைக்காத வாசகம்தான். மெமோ வருமா வராதா என்பது மேலதிகாரியின் மூடைப் பொறுத்தது. எதைப் பேசக் கூடாது என்று பெயர் சொல்லி எழுதிவிட்டு, மீதியை அவர்களிடமே விட்டுவிடலாம்.