செய்யக் கூடாததையும் உதவிப் பக்கத்தில் எழுதலாமா?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே நாங்கள் நான்கு நண்பர்கள், பழைய எழுத்துருக்களில் உள்ள தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சின்ன பைத்தான் நிரலைத் திறமூலமாக வெளியிட்டிருக்கிறோம். உபுண்டு லினக்ஸில், பைத்தான் நிரல்களை நிறுவும் பிப் கருவி மூலம் அதை நிறுவப் போனால் பலருக்கும் பிழை வருகிறது. கட்டளையோடு ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ (கணினியின் பொதிகள் உடைந்தாலும் பரவாயில்லை) என்று சேர்த்தால் நிறுவிவிடுகிறது. இதை எழுதி வைக்கலாம் என்கிறேன் நான். கெட்ட பழக்கத்தை நாமே சொல்லித் தரக் கூடாது என்கிறான் நண்பன். யார் சொல்வது சரி?

பதில்: எழுதுங்கள். ஆனால் நிறுவும் முறையைச் சொல்லும் பக்கத்தில் வேண்டாம்.

மறைத்து வைக்க இதில் ஒன்றுமில்லை. அந்தப் பிழைச் செய்தியைக் கடைசி வரி வரை படித்துப் பாருங்கள். இந்தத் தடையை இன்ன சொல்லைச் சேர்த்து மீறலாம், ஆனால் பைத்தானோ இயங்குதளமோ உடையக்கூடும் என்று அதிலேயே இருக்கிறது. பெயரையும் வேண்டுமென்றே மிரட்டுகிற மாதிரிதான் வைத்திருக்கிறார்கள். உங்கள் பயனர்கள் எப்படியும் அதைப் போடத்தான் போகிறார்கள். ஏன் கூடாது என்பது தெரியாமல் போடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ‘ஏன்’ இதுதான். உபுண்டுவின் சில கருவிகளே பைத்தானில் எழுதப்பட்டவை. அவற்றுக்கு வேண்டிய நூலகங்களை (நிரல்கள் பயன்படுத்திக்கொள்ளும் ஆயத்தக் குறிமுறைத் தொகுப்புகளை) உபுண்டுவின் சொந்த நிறுவல் கருவியான ஆப்ட் வைத்திருக்கிறது. சூடோவோடு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, பிப்பை ஓட்டினால் அதே நூலகத்தின் வேறு பதிப்பு வந்து உட்கார்ந்து, ஆப்ட் வைத்ததை மறைத்துவிடும். அன்றைக்கு எதுவும் ஆகாது. ஒரு மாதம் கழித்து வேறு ஏதோ கருவி திறக்காது, அதற்கும் உங்கள் நிரலுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாருக்கும் தோன்றாது. இதைத் தடுக்கத்தான் 2021இல் பெப் 668 என்ற பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு எழுதப்பட்டது. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் 12ஆம் பதிப்பு, உபுண்டு 23.04 இரண்டிலும் அது நடைமுறைக்கு வந்துவிட்டது.

சரி, ஆட்கள் ஏன் குறுக்கு வழிக்குப் போகிறார்கள்? சில்க் போர்டு சந்திப்பில் வண்டி நகராவிட்டால் பைக்குகள் நடைபாதையில் ஏறும், பார்த்திருப்பீர்கள். உங்கள் பக்கத்திலும் நேர்வழி அடைபட்டிருக்கலாம். ‘வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு நிரலுக்கான நூலகங்களைத் தனியாக வைக்கும் இடம்) உருவாக்கிக்கொள்ளுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால், உபுண்டுவில் அதற்கான வென்வ் பொதியைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம் என்பது புதியவருக்குத் தெரியாது. அங்கேயே இரண்டாவது பிழை வரும், மனிதர் வெறுத்துப்போவார். உங்களுடையது கமாண்டு லைனில் ஓடும் நிரல் என்றால் இன்னும் சுலபம்: ஒவ்வொரு நிரலையும் தனிச் சூழலில் நிறுவும் பிப்எக்ஸ் கருவியை ஆப்ட் வழியாக நிறுவி, அதைக் கொண்டு உங்கள் நிரலை நிறுவச் சொல்லுங்கள். முதலில் இதைச் சரிசெய்யுங்கள், பாதிக் கேள்விகள் நின்றுவிடும்.

அப்புறம் ‘சிக்கல் வந்தால்’ என்று தனிப் பக்கம் போட்டு, அந்தப் பிழைச் செய்தியையே தலைப்பாக வையுங்கள். ஆட்கள் அதை அப்படியே நகலெடுத்துத்தான் தேடுவார்கள். என்ன உடையும், எங்கே பரவாயில்லை, எப்படித் திரும்புவது என்ற மூன்றும் அங்கே இருக்கட்டும். வேலை முடிந்ததும் தூக்கியெறியும் டாக்கர் கண்டெய்னருக்குள் (கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்துவைத்த தனிச் சூழலுக்குள்) இந்தக் குறுக்கு வழி பெரிய பாவமில்லை. அம்மாவின் லேப்டாப்பில் செய்யாதீர்கள்.

திரும்பும் வழியை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘அனுமதி இல்லை’ என்ற பிழையைப் போக்க, யாரோ சொன்ன சிஎச்மாட் 777ஐ (எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் கட்டளை), கணினியின் நிரல்கள் இருக்கும் யூஎஸ்ஆர் அடைவு முழுவதற்கும் போட்டேன். பிழை போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் சூடோ அடித்தால், தனக்கு செட்யூஐடி பிட் (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட வைக்கும் அனுமதிக் குறி) இல்லை என்று சொல்லி அது நின்றுவிட்டது. அனுமதிகளைச் சரிசெய்ய சூடோ வேண்டும், சூடோ ஓட அனுமதி சரியாக இருக்க வேண்டும். பெண்டிரைவில் லினக்ஸ் ஏற்றி மீட்டு முடித்தபோது ராத்திரி இரண்டு மணி. செய்யாதே என்று அதற்குமுன் பத்துப் பேர் சொல்லியிருந்தார்கள். செய்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை.

உங்கள் விஷயத்தில் திரும்புவது அவ்வளவு கஷ்டமில்லை. நிறுவுவதற்கு முன் பிப் லிஸ்ட் காட்டும் பொதிப் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிப் அன்இன்ஸ்டால் நிரலை மட்டும்தான் நீக்கும், கூடவே வந்த நூலகங்கள் அப்படியே கிடக்கும். பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, புதிதாக வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எந்த உபுண்டு பதிப்பில் சோதித்தீர்கள் என்பதையும் போடுங்கள். அந்தச் ‘சிக்கல் வந்தால்’ பக்கத்தை உங்கள் நண்பனையே எழுதச் சொல்லுங்கள். இதில் பயம் உள்ளவர் எழுதினால் எச்சரிக்கை ஒழுங்காக வரும்.