தேங்காய் எண்ணெய் செஞ்ச வேலை

கேள்வி: எனக்கு 22 வயசு, திண்டுக்கல். பசங்களைத்தான் புடிக்கும், வீட்ல தெரியாது. அஞ்சு வாரம் முன்னாடி ஆப்ல பழக்கமான ஒருத்தரோட இருந்தேன், நான்தான் பாட்டம், அதாவது உள்ள வாங்கறவன். அவர் கல்யாணம் ஆனவர், ஆள் பாக்க ஹெல்தியா இருப்பார், அதனால பயப்படல. தேங்காய் எண்ணெய் தடவியிருந்தோம், காண்டம் நடுவுல கிழிஞ்சிடுச்சு. கே பசங்களுக்குத்தான் எச்ஐவி ஜாஸ்தின்னு எங்கயோ படிச்சதுல இருந்து தூக்கமே இல்ல. டெஸ்டுக்குப் போனா யாராவது பாத்துடுவாங்களோ?

பதில்: தம்பி, முதல்ல அந்த எண்ணெய் விஷயத்தை சொல்லிடறேன், ஏன்னா உன்ன மாதிரி நிறைய பேர் இதுலதான் மாட்டறாங்க. தேங்காய் எண்ணெய், வாஸ்லின் எல்லாமே லேடெக்ஸ் ரப்பரை கொஞ்ச நேரத்துலயே இளக்கிடும், அப்புறம் கிழியாம என்ன செய்யும்? மெடிக்கல்ல வாட்டர் பேஸ்டு ஜெல்னு கேளு, அதான் சரி.

ஜாஸ்தின்னு நீ படிச்சது பொய் இல்ல. 2021 கணக்குப்படி இந்தியாவுல பெரியவங்கள்ல எச்ஐவி இருக்கறது 0.2 சதவீதம் போல, ஆணோட உறவு வச்சிக்கற ஆண்கள்ல 3.3 சதவீதம் போல. ஆனா இதை உன் மனசு யாரை விரும்புதுங்கறதோட முடிச்சு போடாத. ஆசனவாய் உள்தோல் ரொம்ப மெல்லிசு, கிருமி சுலபமா ஏறும். எச்ஐவி இருந்து மருந்து எடுக்காதவரோட காண்டம் இல்லாம பாட்டமா இருந்தா ஒரு தடவைக்கு ரிஸ்க் 1.4 சதவீதம் போல, டாப்புக்கு, அதாவது உள்ள விடறவனுக்கு, அதுல பத்துல ஒரு பங்குகூட இல்ல. பழகற வட்டமும் சின்னது, அதுல சுத்தி சுத்தி வரும். இதெல்லாம் ஒரு பக்கம், நீ கேட்ட கடைசிக் கேள்விதான் என்னைப் பொறுத்தவரை பெரிய ரிஸ்க்கு. யாராவது பாத்துடுவாங்கன்னு டெஸ்டுக்குப் போகாதவனுக்கு தனக்கு இருக்கறதே தெரியாது, தெரியாம இன்னொருத்தனுக்கு குடுத்துடுவான். கல்யாணம் ஆனவர், ஹெல்தியா இருக்கார்ங்கறதெல்லாம் டெஸ்ட் ரிப்போர்ட் ஆகாதுப்பா, பல வருஷம் ஒரு அறிகுறியும் இல்லாம இருக்கும்.

72 மணி நேரத்துக்குள்ள போயிருந்தா எச்ஐவி தொத்தாம தடுக்க பெப்னு 28 நாள் மாத்திரை இருக்கு, அந்த நேரம் தாண்டிடுச்சு, அடுத்த தடவைக்கு ஞாபகம் வச்சிக்கோ. இப்போ அரசு ஆஸ்பத்திரில நம்பிக்கை மையம்னு போர்டு இருக்கும், அங்க எச்ஐவி டெஸ்ட் ஃப்ரீ. உன் சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக் கூடாது, ரிசல்ட்டை வீட்டுக்கு சொல்லக் கூடாது, 2017 சட்டமே இருக்கு. கவுன்சிலர்கிட்ட நடந்ததை மறைக்காம சொல்லு, சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய்க்கும் சேர்த்து பாக்கச் சொல்லு. இப்போ நெகட்டிவ்னு வந்தாலும் அந்த ராத்திரில இருந்து மூணு மாசம் முடிஞ்சதும் இன்னொரு தடவை எடுக்கணும்.

பாசிட்டிவ்னு வந்தா? மாத்திரை ஃப்ரீ, டெய்லி போடணும், ரத்தத்துல வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே இருந்தா உறவுல அடுத்தவங்களுக்குப் பரவாது. 2019ல வெளிவந்த ஆய்வுல ஒருத்தருக்கு மட்டும் எச்ஐவி இருந்து, மருந்தால வைரஸ் இப்படி இறங்கியிருந்த 782 ஆண் ஜோடிகளைப் பாத்தாங்க, பார்ட்னர்கிட்ட இருந்து ஒருத்தருக்குக்கூட தொத்தல. நெகட்டிவ்னா எச்ஐவி வராம இருக்க முன்னாடியே போட்டுக்கற ப்ரெப் மாத்திரை பத்தி டாக்டர்கிட்ட கேளு.

அப்புறம் அவரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லு, வீட்ல ஒரு பொண்ணு ஒண்ணும் தெரியாம இருக்காங்க இல்லையா. திண்டுக்கல்ல தெரிஞ்ச முகம் இருக்கும்னு தோணுச்சுன்னா மதுரை பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறிடு. போறதுக்கு முன்னாடி ஏதாவது கேக்கணும்னா எச்ஐவி ஹெல்ப்லைன் 1097க்கு போன் பண்ணு, காசு கிடையாது.